பங்களாச் சண்டையும் லயத்துச் சண்டையும்

1

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது மகள் அபி இரண்டு தடித்த புத்தகங்களோடு சமையலறைக்குள் வந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. பர்மிங்காமிலேயே பிறந்து வளர்ந்தவள். ஏ லெவலுக்கு ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கிறாள். டாக்டருக்குப் படிக்காமல் இது எதற்கு என்று என் கணவரின் சொந்தக்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"அம்மா, உங்கட ஊர்ல வீட்டுக்குள்ள சண்டை பிடிச்சா வெளியில கேக்குமா?"

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். அபி பேசுவது அவருடைய தமிழ். அதிலும் பாதி ஆங்கிலம். நான் பிறந்தது இரத்தினபுரி மாவட்டத்தில், குருவிட்டவுக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டம். என் தமிழ் அவளுக்குப் புரியும், ஆனால் வாயில் வராது.

"எதுக்குடி கேக்குற?"

பள்ளியில் கட்டுரை எழுத வேண்டுமாம். நூறு வருஷத்துக்கு மேல் பழைய இரண்டு நாவல்கள். ஒன்று நிலபுலன் உள்ள பெரிய வீட்டின் கதை. அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆகாது. யார் யாரைக் கட்டுவது, சொத்து யாருக்கு என்று புத்தகம் முழுக்க இழுபறி. மற்றது ஆலைத் தெருவில் ஓர் அறைக்குள் ஒண்டியிருக்கும் குடும்பம். அங்கேயும் அதே சண்டைதான். குடும்பம் சிதைவதற்கும் அந்தஸ்துக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

"பணக்கார வீட்டில ஒருத்தரும் சத்தம் போடுறேல்ல. கதவைச் சாத்திட்டு மாசக்கணக்கா கதைக்காம இருக்கினம். அதை வாசிச்சா பாவமா இருக்கு. மற்றப் புத்தகத்தில தெருவுக்கே கேக்குது. அதை வாசிச்சா, இவங்கள் இப்பிடித்தான் என்ட மாதிரி இருக்கு. எழுதினவர் அப்பிடி எழுதியிருக்கிறார்."

கடுகு கருகிவிட்டது. அடுப்பை அணைத்தேன். நானும் இரத்தினபுரியில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் இலக்கியம் படித்தவள்தான். அரண்மனையில் அண்ணன் தம்பி அடித்துக்கொண்டால் காவியம், தோட்டத்து லயத்தில் அடித்துக்கொண்டால் பொலிஸ் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"கேக்கும்" என்றேன். "எங்க லயத்துல ஒரே வரிசையா பன்னெண்டு காம்பரா, ஒரு காம்பரா ஒரு வீடு. சுவர் மேல கூரையில முட்டாது. ஒரு வீட்ல அடிச்சா பன்னெண்டு வீட்லயும் தூக்கம் போயிரும்."

"பங்களாவில?"

"அத நீ தாத்தாகிட்டதான் கேக்கணும்."

2

என் அப்பா மாரிமுத்து. எழுபத்தெட்டு வயது. அதே லயத்தில், நான் பிறந்த அதே காம்பராவில் இன்னும் இருக்கிறார். அம்மா றப்பர் மரத்தில் பால் வெட்டினாள். அப்பா தோட்டத்துரையின் பங்களாவில் சமையல். அந்த வேலைக்குத் தோட்டத்தில் 'அப்பு' என்று பெயர். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் அப்பு.

இங்கே வந்த புதிதில், ஆங்கில வகுப்பில் எங்கே பிறந்தாய் என்று டீச்சர் கேட்டபோது, "லைனில் பிறந்தேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். நாங்கள் லயத்தை லைன் என்றும் சொல்வோமே. ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல் வரிசையில் நின்றபடியே என் அம்மா பெற்றெடுத்தாள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டு, கண் கலங்கி என் கையைப் பிடித்தார். திருத்திச் சொல்ல எனக்கு அப்போது ஆங்கிலம் போதவில்லை.

தமிழர்கள் மத்தியில் வேறு விதம். கோயிலிலோ கலியாண வீட்டிலோ "எந்த இடம்?" என்பார்கள். "இரத்தினபுரி" என்றதும் "ஓ, மாணிக்கக்கல் பிசினஸோ?" என்று முகம் மலரும். "இல்லை, தோட்டம்" என்றதும் அந்த மலர்ச்சி கொஞ்சம் சுருங்கும். பிறகு மழையைப் பற்றிப் பேசுவார்கள். என் மாமியார் கடைசிவரை என்னை "மலைநாட்டுப் பிள்ளை" என்றுதான் மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லாமல் விட்டதில்லை.

அப்பாவை ஒருமுறை இங்கே கூப்பிட்டுப் பார்த்தோம். விசா மறுத்துவிட்டார்கள். அவர் திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். வாழ்நாள் முழுக்க ஒரே காம்பராவில் இருந்த மனிதர். கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னதும், "அவுங்க சொல்றதும் சரிதானே, பேத்தியப் பாத்தா வர மனசு வருமா?" என்றார்.

3

அன்றைக்கே அபி தாத்தாவை வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே மத்தியானம் தாண்டியிருந்தது. மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் அப்பா போனைக் காதோடு வைத்துக்கொண்டதால் எங்களுக்கு அவர் காது மட்டும் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து திருப்பிப் பிடித்துக் கொடுத்தாள்.

அபி கட்டுரையைப் பற்றி விளக்கினாள். பாதியை நான் மொழிபெயர்த்தேன்.

"தாத்தா, நீங்க மேசைக்குச் சாப்பாடு கொண்டு போகேக்க, அவங்க சண்டையை நிப்பாட்டுவாங்களா?"

அப்பா சிரித்தார். "ஆளு வந்துட்டான்னு நெனச்சாத்தானம்மா நிப்பாட்டணும்? அப்பு ஆளு இல்லையே."

பிறகு, எங்களிடம்கூட ஒருநாளும் சொல்லாததைச் சொன்னார். தோட்டத்துரை ஒரு சிங்களவர். நல்ல மனிதர், கோபக்காரர். அவருக்கு ஒரே மகன். பங்களாவில் 'பொடி மாத்தயா', அதாவது சின்ன ஐயா என்பார்கள். அவன் தோட்டத்து ஆபிஸ் கிளாக்கரின் மகளை விரும்பினான். கிளாக்கர் குடும்பமும் சிங்களம்தான், மதமும் ஒன்றுதான். ஆனால் கிளாக்கர் துரை முன்னால் உட்காராதவர். அவர் வீட்டில் சம்பந்தமா? துரை முடியாது என்றுவிட்டார். ஒரே மாதத்தில் கிளாக்கருக்கு எம்பிலிப்பிட்டியப் பக்கம் மாற்றல் வந்தது.

அன்றிலிருந்து அப்பனும் மகனும் பேசவில்லை. ஒரு வருஷம். துரை ஏழு மணிக்குச் சாப்பிடுவார், மகன் எட்டு மணிக்கு. நோனா, அதாவது துரையின் மனைவி, இரண்டு பேரோடும் உட்காராமல் தட்டை அறைக்குக் கொண்டுவரச் சொல்வார். ஒரே சமையல், மூன்று தடவை பரிமாறல்.

"அப்பன்கிட்ட சொல்ல வேண்டியத மகன் என்கிட்ட சொல்லுவார். 'அப்பு, டாடிட்ட கியன்ன மம ஹெட்ட கொழும்ப யனவா கியலா.' நாளைக்குக் கொழும்பு போறேன்னு டாடிகிட்ட சொல்லு. டாடி பத்தடி தள்ளி பேப்பர் வாசிச்சிக்கிட்டு இருப்பார். நான் போய் சொல்லுவேன். அவர் 'ஹரி', சரின்னு சொல்லச் சொல்லுவார். நான் திரும்பி வந்து 'ஹரி' ம்பேன்."

அபி சிரித்தாள். அப்பாவும் சிரித்தார்.

"அதே வாரம் நம்ம லயத்துல ரெண்டு பேரு குடிச்சிட்டு அடிச்சிக்கிட்டாங்க. துரை என்னைக் கூப்பிட்டு, 'என்ன அப்பு, ஒங்க ஆளுங்களுக்குக் குடும்பம் நடத்தவே தெரியாதா?' ன்னு கேட்டார். நானும் 'ஆமாங்க துரை' ன்னேன். கையில அவர் மகனுக்குத் தனியா எடுத்து வச்ச தட்டு."

"பிறகு அவங்க கதைச்சாங்களா, தாத்தா?"

"இல்லம்மா. பொடி மாத்தயா ஆஸ்திரேலியா போயிட்டார். துரை ரிட்டயராகிப் போறப்ப குசினிக்குள்ள வந்தார். அதுவரைக்கும் அவர் குசினிக்குள்ள வந்ததே இல்ல. 'மகன் ஒருநாள் எனக்கு போன் எடுத்தான் அப்பு, அவன் கொரலக் கேட்டதும் வச்சிட்டேன்' னார். வேற ஒண்ணும் சொல்லல. போயிட்டார்."

அபிக்கு எது கேட்கலாம், எது கூடாது என்று தெரியாது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை.

"நீங்களும் மாமாவோட கதைக்கிறேல்லத்தானே, தாத்தா?"

நான் அவள் கையை அழுத்தினேன். அப்பா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆமா. துரைக்கு கோவத்த வச்சிக்க ஒரு பங்களா இருந்துச்சி. எனக்கு இந்த ஒரு காம்பரா. இதுல அத எங்க வச்சிருந்தேன்னுதான் தெரியல" என்றார்.

4

மாமா என்று அபி சொன்னது என் அண்ணன் சந்திரனை. எங்கள் தோட்டத்திலிருந்து ஆசிரியரான முதல் ஆள் அவன். இரத்தினபுரி டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் பெண் கொடுத்தார்கள். சாந்தி அண்ணி. பெண் பார்க்கப் போனபோதே அண்ணன், அப்பா தோட்டத்து ஆபிஸில் கிளாக்கர் என்று சொல்லியிருக்கிறான். கலியாணத்துக்கு முதல்நாள் அப்பாவிடம் வந்தான். நானும் அம்மாவும் அங்கேதான் இருந்தோம்.

"யாராவது கேட்டா ஆபிஸ்ல இருந்தேன்னு சொல்லுங்கப்பா. ஒரு நாளைக்குத்தான்."

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கலியாணத்தில் வாயே திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். பெண் வீட்டார் அவரைப் பெரிய அழுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "இனிமே நான் அவன் வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்றார். ஏறவில்லை.

அண்ணன் தீபாவளிக்குத் தனியாக வருவான். அம்மாவிடம் துணியைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்று போய்விடுவான். அம்மா செத்தபோதும் தனியாகவே வந்து கொள்ளி வைத்தான். அன்றைக்கும் இரண்டு பேரும் ஒரே பாடைக்கு இரு பக்கமும் நின்று, ஊர்க்காரர்கள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். அப்படியே கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

இதில் நான் அண்ணனை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். டவுனில் அந்த நாளில் தோட்டத்து ஆள் என்றால் வாடகைக்கு வீடு தரமாட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் அவன் காதுபடவே 'தோட்டக்காட்டு மாஸ்டர்' என்று பேசியவர்கள் உண்டு. அவர்களும் தமிழர்கள்தான்.

5

அபி கட்டுரையை எழுதி முடித்தாள். தாத்தா சொன்னதை ஒரு பக்கம் சேர்த்திருந்தாள். டீச்சர் சுவாரசியமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பாடப் புத்தகத்துக்கு வெளியே இருப்பதால் எடுத்துவிடச் சொன்னார். அபிக்கு ஆத்திரம். பிறகு அந்தப் பெரிய வீட்டு நாவலைத் திரும்ப எடுத்து, அதில் வருகிற சமையல்காரரைத் தேடினாள். குடும்பம் உடைகிற ஒவ்வொரு சாப்பாட்டு மேசையிலும் அவர் இருக்கிறார். ஒரு வரி வருவார், போவார். அவருக்குப் பெயர்கூட இல்லை. அவருக்கு ஒரு வீடு இருக்கும், அங்கேயும் ஒரு பிள்ளை கோபித்துக்கொண்டிருக்கும் என்று எழுதினவருக்குத் தோன்றவே இல்லை என்று கட்டுரையின் கடைசிப் பந்தியை மாற்றி எழுதினாள். அதற்கு நல்ல மார்க் கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் மகள் கவிதாவுக்குக் கலியாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீடு எம்பிலிப்பிட்டிய, அரிசி வியாபாரம். ஆவணியில் முகூர்த்தம். அபிக்கும் அப்போது லீவு, டிக்கெட் போட்டுவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தானாகவே எனக்கு போன் எடுத்தார்.

"கவிதா கல்யாணத்துக்கு நான் போறேன். யாராச்சும் கேட்டா உள்ளதத்தான் சொல்லுவேன். அத அண்ணன்கிட்ட சொல்லிடு."

அவர் அப்புவாக இருந்து செய்த வேலையை இப்போது நான் செய்தேன். அண்ணனிடம் சொன்னேன்.

"எனக்குன்னா பரவால்ல விஜயா. பொண்ணு வாழப் போற எடம். சம்பந்தி வீட்ல என்ன சொல்லியிருக்கேன்னு ஒனக்குத் தெரியும். நீ லண்டன்ல இருந்துக்கிட்டு ஈஸியா சொல்லுவ."

இங்கிலாந்து முழுவதும் அவனுக்கு லண்டன்தான்.

"அப்ப அப்பா வர வேணாமா?"

"வேணாம்னு சொல்லல. சொல்ல முடியுமா?" என்றான். அவன் அழுகிறான் என்று தெரிந்தது. "அவர் இஷ்டம்" என்று போனை வைத்தான்.

6

இரத்தினபுரியில் மண்டபம். காலையிலேயே ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. நானும் அபியும் வேன் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் அப்பாவைக் கூட்டிவந்தோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வழியெல்லாம் அபி அவரோடு பேசிக்கொண்டே வந்தாள். அவள் சொன்னதில் பாதி அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

வாசலில் அண்ணன் பட்டுவேட்டியோடு நின்றான். அப்பாவைக் கண்டதும் கைகூப்பினான், வந்தவர்கள் எல்லோரையும் கும்பிடுவதுபோல. அப்பாவும் கும்பிட்டார்.

தாலி கட்டும்வரை ஒன்றும் நடக்கவில்லை. நானும் மனசுக்குள் ஆறுதலாக இருந்தேன். சாப்பாட்டுக்கு முன்னால், மாப்பிள்ளையின் பெரியப்பா எங்கள் பக்கம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரிய மனிதர், கலகலப்பானவர்.

"ஐயாதான் பொண்ணோட தாத்தாங்களா? எங்க வேலை பாத்தீங்க?"

பக்கத்தில் நின்ற அண்ணன் முந்திக்கொண்டான். "அப்பா தோட்டத்து ஆபிஸ்ல..."

"இல்லீங்க" என்றார் அப்பா. "நான் ஆபிஸ்ல இல்ல. பங்களாவுல அப்பு. சமையல். என் பொஞ்சாதி பால் வெட்டினா. நாங்க லயத்து ஆளுங்க. இப்பவும் அங்கதான் இருக்கேன்."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். "அப்படிங்களா" என்றார். பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்துப் பெண்ணின் காதில் ஏதோ சொன்னது எனக்குத் தெரிந்தது.

அப்போது சாந்தி அண்ணியின் அம்மா எழுந்தார். எண்பதை நெருங்கியவர், முழங்கால் வலிக்காரி. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று பெரியப்பாவிடம் சொன்னார்: "அவர் சொல்றது சரிதாங்க. எங்களுக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சிதான் பொண்ணு குடுத்தோம். இந்த மருமகனால எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல."

அண்ணன் அவரை வெறித்துப் பார்த்தான்.

"தெரியுமா மாமி? எப்போ?"

"நிச்சயம் பண்றதுக்கு முந்தியே. ஒங்க தோட்டத்துக்கு எங்க கடையிலதானே தகரம் ஏத்துவாங்க. லொறிக்காரன்கிட்ட விசாரிக்க மாட்டோமா?"

"அப்ப ஏன் ஒரு நாளாவது கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தோம். நீங்க சொல்லல. கேட்டா ஒங்களுக்கு அவமானமாயிரும்னு விட்டுட்டோம். சாந்திக்கும் தெரியும்."

அண்ணன் மனைவியைத் தேடினான். அண்ணி மணமேடைப் பக்கத்தில் தாம்பாளத்தோடு நின்றாள். அவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். கால் நூற்றாண்டு இவன் தன் வீட்டில் அவளிடமிருந்து மறைத்தான். அவன் மறைக்கிறான் என்பது தனக்குத் தெரியும் என்பதை அவள் மறைத்தாள். இப்படியொரு குடும்பம் அந்தப் பெரிய வீட்டு நாவலில் இருந்திருந்தால் அபி நாலு பக்கம் எழுதியிருப்பாள்.

பெரியப்பாதான் கடைசியில் பேசினார். "சரி சரி, எலை போட்டாச்சி. ஐயா, எந்திரிங்க, சாப்பிடலாம்." அந்தப் பெண் பின்வரிசையில் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லத்தான் செய்வாள்.

7

மறுநாள் காலை, நானும் அபியும் லயத்தில் அப்பாவோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தான். தனியாக வந்திருந்தான். வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தான்.

"நான் உங்கள அசிங்கப்படுத்திட்டேன்பா" என்றான்.

அப்பா உடனே மன்னித்துவிடவில்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்ல. கால் நூற்றாண்டாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. ஒரு நாளைக்குத்தான் என்று சொன்னாயே, அந்த ஒரு நாள் எப்போது முடிந்தது என்று கேட்டார். உங்கள் அம்மா செத்தபோதாவது என் கையைப் பிடித்தாயா என்று கேட்டார். அண்ணனும் விடவில்லை. நீங்களும் ஒரு வார்த்தை பேசவில்லையே, கவிதா பிறந்தபோது வந்தீர்களா, தூக்கினீர்களா என்று எழுந்து நின்று கேட்டான். அப்பா வாயைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அபி என்னை ஒட்டி நின்றாள். பெரியவர்கள் இரண்டு பேர் இப்படிக் கத்தி அழுவதை அவள் பார்த்ததில்லை. போய்த் தடுக்கச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன்.

நாங்கள் பர்மிங்காமுக்குத் திரும்பி இரண்டு மாதத்தில் அப்பாவுக்கு இரத்தினபுரியில் கண் ஆபரேஷன் நடந்தது. தண்ணீர் படக்கூடாது, புகை படக்கூடாது என்று அண்ணன் அவரைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டான். போன வாரம் எனக்கு அவனிடமிருந்து போன்.

"இவரை என்னால சமாளிக்க முடியல விஜயா. கண்ணுல கட்டோட குசினிக்குள்ள வந்து நிக்கிறார். மீன் கொழம்பு வாசத்த வச்சே புளி பத்தலங்கிறார். மாமி முன்னாடி. சாந்தி அழுதுட்டா."

"என்கிட்ட ஏன் சொல்ற? அப்பாகிட்ட சொல்லு."

"சொல்லாம இருப்பேனா? நல்லாக் கத்திட்டேன். அவரும் கத்தினார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, புளி ஊத்திச் சாப்பிட்டோம்" என்றான்.